கிராம்பெண்ணெய் போட்ட கறி

ஆய்வுக்கூடத்தில் அவளுடைய வேலை கிருமிகளை வளர்ப்பது, வளர்த்துவிட்டுக் கொல்வது. மூடி போட்ட கண்ணாடித் தட்டுகளில், உறைந்த கூழின்மேல், கெட்டுப்போன கறியிலிருந்து எடுத்த கிருமியைப் பூசுவாள். நடுவே, எண்ணெயில் நனைத்த சின்னக் காகித வில்லை ஒன்றை வைப்பாள். மறுநாள் தட்டு முழுக்க மங்கலாகப் படலம் படர்ந்திருக்கும். வில்லையைச் சுற்றி மட்டும் துடைத்துவிட்டதுபோல ஒரு வட்டம். எலுமிச்சைப்புல் எண்ணெய்க்குச் சின்ன வட்டம், கிராம்பெண்ணெய்க்கு நல்ல பெரிய வட்டம்.

அந்த வட்டத்தின் பெருமையை ஒருநாள் அண்ணன் வீட்டில் வாய் ஓயாமல் அளந்தாள். அண்ணன், அலுவலகக் கேன்டீன்களுக்குக் கறி கட்லெட் செய்து அனுப்புகிறவன். தங்கை தன் வேலையைப் பற்றி வாயைத் திறந்தாலே கொட்டாவி விடுவான். அன்றைக்கென்னவோ நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டான்.

"அப்போ கறியில இருக்கிற கிருமியையும் கொன்னுடுமா?"

"கொல்லும்ணா. ஆனா தட்டுல கொல்றது வேற, கறியில..."

"கொல்லும்ல? அது போதும்."

பாதி கேட்டதே பெரிது என்று அவளுக்கு உச்சி குளிர்ந்தது.

கொஞ்ச காலத்தில் ஆய்வுக்கூடத்துக் கேன்டீன் கட்லெட்டில் கிராம்பு மணக்கத் தொடங்கியது. எல்லோரும் விரும்பிச் சாப்பிட்டார்கள். "எங்கண்ணன் கைப்பக்குவம்" என்று அவளும் பீற்றிக்கொண்டு, இன்னொன்று கேட்டு வாங்கித் தின்றாள்.

பழுது பார்த்த மூக்குக்கண்ணாடியை அண்ணியிடம் கொடுக்க ஒரு காலை அண்ணனின் சமையற்கூடத்துக்குப் போனாள். பின்கதவு திறந்திருந்தது. உள்ளே கால் வைத்ததும் கிராம்பு வாசம் முகத்தில் அறைந்தது. அதற்கு அடியில் வேறொன்று இருந்தது. செத்த எலியை ஈரச் சாக்கில் சுற்றி வைத்தது போன்ற ஒன்று.

அண்ணன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நீலத் தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டுத் தண்ணீரும் எண்ணெயுமாகக் கறியைப் பிசைந்துகொண்டிருந்தான். கறியின் ஓரமெல்லாம் பச்சை பூத்திருந்தது. ஒரு துண்டைத் தூக்கினான். கூடவே கோழை நூல் நூலாகத் தொங்கியது. அதை வழித்து உதறிவிட்டு, மோந்து பார்த்து, திருப்தியோடு தலையாட்டினான்.

"வா வா! உன் மருந்து பிரமாதம் போ. நேத்து கிட்டவே நிக்க முடியல, இன்னிக்கு எப்படி மணக்குது பாரு!"

"அண்ணா, இது அழுகிப்போச்சு."

"அழுகினதைத்தானே சரி பண்றேன்! கிருமியைக் கொல்லும்னு நீதானே சொன்னே?"

"கிருமி செத்தாலும் அது கக்கின விஷம் சாகாதுண்ணா! கொழுப்பு பாதி எண்ணெயைக் குடிச்சிடும். உள்ளே இருக்கிறது உசுரோடதான் இருக்கும். நாத்தத்தை மூடி வெச்சிருக்கே, அவ்வளவுதான்."

"தின்னவன் எவனாவது செத்தானா?"

கேன்டீனில் இன்னொன்று கேட்டு வாங்கிய கட்லெட் ஒவ்வொன்றும் அவள் தொண்டையில் திரும்பி வந்து நின்றது. ஓடிப்போய்ச் சாக்கடை ஓரத்தில் குனிந்து வாந்தியெடுத்தாள். வாயைத் துடைத்த புறங்கையிலும் கிராம்பு வாடைதான் அடித்தது.

"நான் அங்கேதான் சாப்பிடறேன்னு உனக்குத் தெரியாதா?"

அண்ணன் தொட்டியைப் பார்த்தபடி சொன்னான். "நீ வீட்டிலேர்ந்து கட்டிட்டுப் போவேன்னு நினைச்சேன்."

அதுவரை அடுப்புப் பக்கம் நின்ற அண்ணி, குளிர்பெட்டியைத் திறந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். சிவப்பாக, ஈரம் காயாத புதுக் கறி.

"இது எங்க வீட்டுக்கு," என்றாள் நாத்தனாரிடம். "தினமும் தனியா வாங்கிட்டு வருவார். பிள்ளைங்க திங்கணுமே."

தங்கை பொட்டலத்தையும் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். மூலையில் இருந்த பினாயில் கேனைத் தூக்கி, மூடியைத் திருகி, தொட்டிக்குள் கவிழ்த்தாள். அண்ணன் பாய்ந்து கையைப் பிடித்தான். பாதி அவன் சட்டையிலும் கொட்டியது. தொட்டித் தண்ணீர் பால்போல வெளுத்தது.

"உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு?"

"விடுங்க அவளை," என்ற அண்ணி, பக்கத்துத் தொட்டியைத் தானே குப்பைப் பீப்பாயில் கொட்டினாள்.

அன்றே அவள் ஆய்வுக்கூடம் போய்க் கேன்டீன் பொறுப்பாளரிடம் எல்லாவற்றையும் சொன்னாள், எல்லோர் காதிலும் விழும்படி. ஒருத்தி வாஷ்பேசினுக்கு ஓடினாள். "அன்னிக்கு வயித்தைப் பிடுங்கினதுக்கு நான், பாவம், காபியில ஊத்தின பாலைத் திட்டினேனே!" என்றார் மேலாளர். சிலர் அவளைப் பார்த்த பார்வையில் அவளும் அந்தத் தொட்டிக்குள் கையை விட்டவள் மாதிரிதான் இருந்தது. அவளுக்கும் அப்படித்தான் தோன்றியது.

கேன்டீன்கள் ஒவ்வொன்றாக அண்ணனைக் கைவிட்டன. மிஞ்சிய ஒன்றிரண்டுக்கு இப்போது அண்ணிதான் சமைக்கிறாள். கறி வாங்குவதும் அவளே. அண்ணன் வண்டி ஓட்டுவதோடு சரி. வெகுநாள் கழித்துத் தொலைபேசியில் கூப்பிட்டான்.

"சொல்லிக் கொடுத்ததும் நீ, காட்டிக் கொடுத்ததும் நீ. நல்லா இருக்குடி."

"தின்னதும் நான்தாண்ணா," என்றாள்.

அண்ணன் தொலைபேசியை வைத்துவிட்டான். அவள் எழுந்துபோய் வாய் கொப்பளித்தாள். மறுபடியும் கொப்பளித்தாள்.