மடித்துக் கட்டிய வேட்டி

அம்மா, மாமா கூமாப்பட்டி வந்து சேர்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். நான் அவருடன் வரவில்லை.

ராஜபாளையத்தில் இந்த கிளப்பில் சேர்ந்து இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. மெம்பர் ஒருவர் முகம் சுளித்தாலும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதனால்தான் ஜெபக்குமார் மாமாவை வாசலில் பார்த்ததுமே அங்கேயே நிறுத்த ஓடினேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் கடையைப் பூட்டிவிட்டு நேராக வந்திருக்கிறார். மடித்துக் கட்டிய வேட்டியோடு முன்கூடத்துக்குள் நுழைந்தார்.

"ஏட்டி ஜூடி, பையத் தூக்கிட்டுக் கெளம்பு. கேட்டரிங் படிச்சுப்புட்டு சரக்கு ஊத்திக் குடுக்கவா வந்த? சர்ச்சுல ஒங்கம்மாவால தலை நிமிர முடியல."

"ஊத்தவும்தான் செய்யுதேன் மாமா. லைசென்ஸ் வாங்கி, மெம்பருக்கு மட்டும் ஊத்துதோம். ஒளிஞ்சு செய்யல. மொதல்ல வேட்டிய எறக்கி விடுங்க."

மாமாவின் முகம் கறுத்துவிட்டது. "எவனுக்கு எறக்கணும்? இங்க சீட்டு வெளையாடுத பணக்காரப் பயலுவளுக்கா?"

"யாருக்கும் இல்ல. உள்ள வந்தா எறக்கணும். இங்க ரூல் அது."

அந்த நேரம் பார்த்து ராம்கி சார் சீட்டு அறையிலிருந்து வெளியே வந்தார். கமிட்டியில் இருப்பவர். அவர் வேட்டியும் முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருந்தது.

"சோடா கேட்டு எம்புட்டு நேரமாச்சு?"

மாமா கையைத் தட்டிச் சிரித்தார். "இந்தா நிக்காருல்லா, இவருக்கு ரூல் கெடையாதோ?"

கவுண்டரில் நின்ற மேனேஜர் நவநீதகிருஷ்ணன், பேசாமல் இரு என்று எனக்குக் கண்ணைக் காட்டினார். பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் அப்படி இருந்தால் நான் மாமாவிடம் சொன்னது பொய்யாகிவிடும். ரூலெல்லாம் பொய், பணக்காரர்களுக்கு ஊற்றிக் கொடுக்கத்தான் நான் வந்திருக்கிறேன் என்று அவர் உன்னிடம் வந்து சொல்வார்.

"சார், நீங்களும் வேட்டிய எறக்கி விட்டுக்கோங்க. சோடா இப்ப வந்துரும்."

ராம்கி சார் என்னை மேலும் கீழும் பார்த்தார். "யாருய்யா இது?"

"புதுசு சார்," என்றார் மேனேஜர்.

"அதான் தெரியுதே." மடிப்பை உதறி இறக்கிவிட்டு, திரும்பிப் பாராமல் உள்ளே போனார்.

மாமாவின் கை வேட்டி நுனிவரை போய் நின்றது. இறக்கவில்லை. வாசலுக்கு வெளியே போய் நின்றுகொண்டு கத்தினார்.

"நாளைக்கே ஒன்னைய வேலையவிட்டுத் தூக்கிருவாவ. மரியாதையா இப்பவே வந்துரு."

"அவிய தூக்குனா வாரேன் மாமா. நீங்க தூக்கிட்டுப் போக வேண்டாம்."

மாமா பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டார். நான் சோடாவைக் கொண்டுபோய் வைத்தேன். ராம்கி சார் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கமிட்டியில் என்ன சொல்லப் போகிறாரோ தெரியாது. நாளைக்கும் டூட்டிக்குப் போவேன்.

ஒன்றே ஒன்று, அம்மா. சர்ச்சில் யாராவது கேட்டால், மகள் கிளப்பில் வேலை பார்க்கிறாள் என்றே சொல். ஏதோ ஹோட்டல் என்று மாற்றிச் சொல்லாதே.