பத்தொன்பது இடத்தில் ஒரே கணக்கு

நான் எழுதிய கணினி நிரலை இன்று காலை மறுபடி திறந்தேன். மூவாயிரத்து நானூறு வரி, எல்லாம் ஒரே கோப்பில். இதை எழுதிய கையால்தான் சோறும் தின்கிறேன், சீ!

அமெரிக்காவின் வடக்கே, குளிருக்குப் பேர்போன டுலூத் நகரில் பதினான்கு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டினேன். முதுகு போன பிறகு மாலை வகுப்பில் நிரல் எழுதக் கற்று, அதே பேருந்து அலுவலகத்தில் உட்கார்ந்தேன். கடுங்குளிர் நாளில் பேருந்து எவ்வளவு தாமதமாக வரும் என்று வீடுகளுக்குச் செய்தி அனுப்பும் நிரல் என்னுடையது. அதில் தப்பு வந்தால் பிள்ளைகள் தெருமுனையில் நின்று விறைப்பார்கள். அது எனக்குத் தெரியாததா? அந்த முனைகளில் அவர்களை ஏற்றி இறக்கியவளே நான்தானே.

மொத்தம் பத்தொன்பது பள்ளிகள். முதல் பள்ளிக்கு எழுதியது ஓடியது. அடுத்ததற்கு அதையே நகலெடுத்து ஒட்டிப் பெயரை மட்டும் மாற்றினேன். அதற்கடுத்ததற்கும் அதேதான்.

பக்கத்து மேசை ஆர்னிதான் என் நிரலைப் படித்து ஒப்புதல் தரவேண்டியவன். படித்ததும் மூக்கைச் சுளித்தான்.

"என்ன லொரெட்டா இது? ஒரே கணக்கைப் பத்தொன்பது தடவ எழுதி வச்சிருக்கீங்க! ஒரே இடத்துல எழுதுங்க, எல்லாப் பள்ளிக்கும் அங்கேயிருந்து எடுத்துக்கலாம்."

"ஓடுதா இல்லையா?"

"ஓடுது."

"அப்புறம் என்ன நொட்ட சொல்ற?"

"நாளைக்கு ஒன்ன மாத்தணும்னா பத்தொன்பது இடத்துல மாத்தணுமே, தாயே!"

"மாத்துறேன். எனக்குக் கை இல்லையா? உன் வேலையப் பாரு."

என் வாய்க்குப் பயந்து ஒப்புதல் கொடுத்துவிட்டான். ஜெயித்துவிட்டேனாம், டோனட் வாங்கித் தின்று கொண்டாடினேன். தூ!

ஜனவரியில் விதி மாறியது. குளிர் நாளில் பேருந்து ஒரு மணி நேரம் அல்ல, இரண்டு மணி நேரம் தாமதமாக வரும். நிரலில் நிமிடக் கணக்கில் 60 என்று இருப்பதைத் தேடி, கிடைத்த இடத்திலெல்லாம் 120 என்று மாற்றினேன். எத்தனை இடம் என்று எண்ணவில்லை. எண்ணியிருந்தால் பதினெட்டு என்று தெரிந்திருக்கும். கடைசிப் பள்ளிக்கு வரும்போது அலுத்துப்போய், எண்ணே போடாமல், "ஒரு மணி நேரம் தாமதம்" என்று செய்தியையே எழுத்தில் தட்டி வைத்திருந்தேன். அது எப்படித் தேடலில் சிக்கும்?

நேற்றுக் காலை மைனஸ் இருபத்திரண்டு டிகிரி. ஒன்பதரைக்குப் பேருந்து ஓட்டுநர் வெண்டல் போனில் கூப்பிட்டான்.

"லொரெட்டா, ஆர்னி பொண்ணு சிக்னி ஒரு மணி நேரமா முனையில தனியா நின்னிருக்கா. ஒரு கையுறையக் காணோம். விரலெல்லாம் மெழுகு மாதிரி வெளுத்துக் கெடக்கு. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டேன், அவன்கிட்ட சொல்லு."

ஆர்னி விடியுமுன்னே வேலைக்கு வந்தவன். சிக்னி படிப்பது அந்தக் கடைசிப் பள்ளியில்; "ஒரு மணி நேரம்" என்று வீட்டுக்குப் போன செய்தியை அவன் பார்க்கவேயில்லை. நான் சொல்லி முடிக்குமுன் கோட்டுகூடப் போடாமல் ஓடினான்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். குளிரில் உறைந்துபோன இரண்டு விரல் நுனி பிழைக்குமா என்று சில நாள் போனால்தான் தெரியுமாம். ஆர்னி என்னைத் திட்டவில்லை. திட்டித் தொலைத்திருக்கலாம், பாவி. சிக்னிக்குப் பத்து வயது. கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"வீட்டுக்குத் திரும்பிடலாமான்னு பார்த்தேன் ஆன்ட்டி. ஆனா மெசேஜ் அனுப்புறது நீங்கதான்னு அப்பா சொல்லியிருக்காரு. அதான், தப்பா இருக்காது, இப்ப வந்துடும்னு நின்னுட்டேன்."

எனக்கு என்னைக் கண்டே அருவருப்பாக இருந்தது.

இன்று காலை அந்தப் பத்தொன்பது நகல்களையும் அழித்தேன். கணக்கை ஒரே இடத்தில் எழுதி, பள்ளிகளின் பெயர்களைத் தனிப் பட்டியலாக வைத்தேன். ஒவ்வொரு பள்ளிக்கும் என்ன செய்தி போகிறது என்று சோதித்தும் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் சேர்த்து நாற்பது நிமிடம் பிடித்தது. அந்தப் பெண் நின்றது அறுபது நிமிடம்.