நாற்பது சிவப்புக் குச்சிகள்

கோழிக்கொண்டைச் செடியை ஊர் அழகுக்கு வாங்கியது. அதை வளர்த்துக் கொடுத்த அக்காவும் தங்கையும் வயிற்றுக்கு வைத்துக்கொண்டார்கள். நாற்றுப் பண்ணையில் பெரியவள், சின்னவள் என்றால் அந்த இருவர்தான்.

குழித்தட்டில் ஒரு குழிக்கு மூன்று விதை போடுவார்கள். நாலு விரல் உயரம் வந்ததும் நல்லதாக ஒன்றை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் பிடுங்கிக் கலைக்க வேண்டும். கலைத்த நாற்று குப்பைக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. முதல் வருஷமே பெரியவள் ஓர் இலையைக் கிள்ளி மென்று பார்த்தாள்.

"அடியே, இது ஊர்ல வரப்புல பறிச்சு நாம தின்னு வளர்ந்த பண்ணைக்கீரைடி. கொண்டை மட்டும்தான் புதுசு."

அன்றிலிருந்து பதினோரு வருஷமாகக் கலைத்த நாற்று மடியில் ஏறி, பண்ணைக்குப் பின்னால் இருந்த அவர்களுடைய ஒற்றை அறைக்குப் போய், பூண்டோடு வதங்கிச் சோற்றோடு இறங்கியது. பூவைக் காசு கொடுத்தவன் பார்த்துக்கொள்ளட்டும், இலையை நாம் பார்த்துக்கொள்ளலாம் என்பாள் சின்னவள்.

ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. வேர்ப்புழுவுக்குக் குருணை மருந்து போட்ட தட்டில் சிவப்புச் சாயம் தோய்த்த ஐஸ்குச்சி ஒன்று நிற்கும். மருந்தின் பெயரும் போட்ட தேதியும் அதில் எழுதியிருக்கும். குச்சி நிற்கும் தட்டில் இருந்து எதையும் வாயில் வைக்கக் கூடாது. சின்னவளுக்கு எழுத்துக் கூட்ட வராது. சிவப்பு தெரியும். இத்தனை வருஷமும் அது போதுமாக இருந்தது.

அன்று காலை, புதுக் குடியிருப்பு ஒன்றின் வாசலுக்கும் நடைபாதைக்கும் செடி பார்த்துப் பேச ஆட்கள் வருகிறார்கள் என்று பண்ணை மேஸ்திரி பரபரத்தான். மூன்றாம் வரிசை நாற்பது தட்டிலும் குச்சி நிற்பது பிணத்துக்குக் கொடி பிடித்த மாதிரி இருக்கிறது, பிடுங்கு, அவர்கள் போனதும் திரும்பச் செருகிக்கொள்ளலாம் என்றான். பெரியவள் பிடுங்கினாள். ரப்பர் வளையம் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள். மண் கலக்கும் கொட்டகையில் இருந்த தங்கையிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக் கிளம்பியவளை, வந்தவர்களுக்குத் தேநீர் போடச் சொல்லி மேஸ்திரி வழியிலேயே திருப்பினான். தேநீரில் ஒருத்தருக்குச் சர்க்கரை கூடாது, ஒருத்தருக்குப் பால் கூடாது. அந்த அமர்க்களத்தில் சொல்ல வேண்டியது போன இடம் தெரியவில்லை.

மதியம் அவள் அறைக்குப் போனபோது சின்னவள் தரையில் குப்புறக் கிடந்தாள். வாந்தி. வாயோரம் எச்சில் ஒழுகியது. அடுப்பு மேடையில் ஒரு கிண்ணம், மேலே தட்டு கவிழ்த்து, அக்காவின் பங்கு.

மேஸ்திரிதான் வண்டியில் போட்டுச் சின்ன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தான். கெட்டவன் என்று சொல்லிவிட முடியாது. தலைமாட்டில் உட்கார்ந்து தன் துண்டாலேயே அவள் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தான். ஆனால் வாசலில் இறங்கும்போது பெரியவளின் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"கடைக்கீரைன்னு சொல்லு. பண்ணைன்னு வாயத் தெறந்தா நாளைக்கே பூட்டிடுவாங்க. உங்க அறையும் போயிடும். வெறும் வாந்திதான், ரெண்டு பாட்டில் ஏத்தினா எழுந்து உக்காந்துடுவா."

டாக்டர் சின்னப் பையன் மாதிரி இருந்தார். என்ன சாப்பிட்டார்கள் என்றார். கீரை என்றாள். எங்கே வாங்கியது என்றார்.

"கடையில" என்றாள் பெரியவள்.

வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாத ஏதோ ஒன்று என்று பாட்டில் ஏற்றினார்கள். ஒன்று முடிந்து இரண்டாவது பாதி இறங்கியது. சின்னவள் எழுந்து உட்காரவில்லை. வேர்வையில் மெத்தை நனைந்தது. கண்மணி கடுகாய்ச் சுருங்கி, கன்னத்துச் சதை தானாகத் துடித்தது. பெரியவள் குனிந்து காதை வைத்தபோது அவள் பேசினாள்.

"குச்சி இல்லக்கா. நல்லாப் பாத்துட்டுத்தான் பிடுங்கினேன். ஒண்ணுலகூட இல்ல."

தப்புச் செய்யவில்லை என்று அக்காவிடம் சாட்சி சொல்கிறாள். பெரியவளுக்கு இடுப்பில் இருந்த கட்டு நெருப்பாகச் சுட்டது. எழுந்து ஓடி, டாக்டரின் மேஜையில் அதை அப்படியே வைத்தாள்.

"பண்ணையில பறிச்சது. இந்த மருந்துதான். நான்தான் குச்சியப் பிடுங்கினேன்."

அவர் ஒரு குச்சியை உருவிப் படித்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டே எழுந்து ஓடினார். ஊசி மேல் ஊசி போட்டார்கள், குழாய் சொருகினார்கள். பொழுது சாய்வதற்குள் எல்லாவற்றையும் கழற்றினார்கள்.

"வந்ததும் சொல்லியிருந்தீங்கன்னா..." என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். மீதிக் கட்டைத் திருப்பிக் கொடுத்தார். ஒரு குச்சியை மட்டும் காகிதங்களோடு வைத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் காலை அந்தக் குடியிருப்புக்குச் செடி ஏற்றப் பண்ணைக்கு லாரி வந்தது. பெரியவள் வேலைக்கு வருவாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அவள் நேராக மூன்றாம் வரிசைக்குப் போய், ஒவ்வொரு தட்டிலும் குச்சியைச் செருகிக்கொண்டே போனாள். முப்பத்தொன்பது தட்டோடு குச்சி தீர்ந்தது. நாற்பதாவது தட்டைத் தூக்கிக் கவிழ்த்து நாற்றைக் காலால் மிதித்தாள்.

மேஸ்திரி ஓடி வந்தான். துக்கத்தில் புத்தி பிசகிவிட்டதா, வாங்குகிறவன் பார்த்தால் என்ன நினைப்பான், பிடுங்கு என்றான்.

"அந்த நடைபாதையிலயும் பொம்பளைங்க நடப்பாங்க மேஸ்திரி. கீரை தெரிஞ்சவ ஒருத்தியாவது கிள்ளுவா."

"பிடுங்குன்னு சொல்றேன்."

"நான் ஒரு தடவை பிடுங்கியாச்சு. இப்ப நீ பிடுங்கு."

அவன் குனிந்து முதல் குச்சியில் கையை வைத்தான். வைத்த கையை எடுத்து, விரல்களைப் பார்த்தான். அலுவலக அறைக்குப் போய் மேஜை இழுப்பறையைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது இரண்டு கையிலும் புது ரப்பர் கையுறை இருந்தது. பதினோரு வருஷத்தில் அந்தப் பண்ணையில் கையுறை என்று ஒன்று இருப்பதைப் பெரியவள் அன்றுதான் பார்த்தாள்.

அவன் ஒவ்வொன்றாகப் பிடுங்கத் தொடங்கினான். அவள் லாரி டிரைவரைத் தேடி நடந்தாள்.