வியாழக்கிழமை வாங்க

தையல்காரர் சொன்ன தேதியில் துணியைக் கொடுத்தார் என்று யாராவது சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள், நானும் நம்பமாட்டேன். ஆனால் மின்னல் கொடுப்பாள். சொன்ன தேதி என்ன, சொன்ன நிமிஷத்துக்கே கொடுப்பாள். பெருநகரத்து ரயில் நிலைய வாசலில், செருப்புக் கடைக்கும் சாவி வெட்டும் கடைக்கும் நடுவே, ஒருவர் திரும்பினால் இன்னொருவர் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டிய ஒரு பொந்துக்குள் அவள் பதினொரு வருஷம் மெஷின் மிதித்தாள். பேன்ட்டின் அடி மடித்துத் தைக்க ஏழு நிமிஷம், ஜிப் மாற்றப் பன்னிரண்டு. ரயிலுக்குப் போகிற பெரிய மனிதர்கள் எல்லாம் திரைக்குப் பின்னால் பேன்ட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, இடுப்பில் துண்டோடு கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்பார்கள். மின்னல் என்பது அங்கே அவளுக்கு வைத்த பெயர்தான். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவள் திரும்பிப் பார்ப்பாள்.

அவள் கணவன் ஐஸ் தொழிற்சாலையில் மெக்கானிக். எப்போதும் இரவு ஷிப்ட். இவள் கிளம்பும்போது அவன் வருவான், இவள் வரும்போது அவன் கிளம்புவான். வாசற்படியில் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வதுதான் குடித்தனம். அப்படிப்பட்டவனுக்குத்தான் பஸ் நாளைக்கு நான்கு முறை மட்டும் வந்துபோகிற ஒரு சிற்றூரில், பால் குளிரூட்டும் நிலையத்தில் வேலை கிடைத்தது. விடிந்தால் வேலை, மூன்று மணிக்கு வீடு.

அங்கே குடிவந்த முதல் வாரம் இருவருக்கும் ஒரே வெட்கம். எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடும்போது எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அவன் உப்பைத் தட்டின் ஓரத்தில் வைத்துத் தொட்டுத் தொட்டுச் சாப்பிடுகிறவன் என்பதே அவளுக்கு இங்கே வந்துதான் தெரிந்தது. சாப்பிட்டு முடித்த பிறகும் இரண்டு பேரும் எழுந்திருக்காமல் கை காயக் காயப் பேசிக்கொண்டிருந்தார்கள். இத்தனை வருஷம் இதை விட்டுவிட்டு என்ன கிழித்தோம் என்று அவளுக்கு ஆத்திரமாகக்கூட வந்தது.

ஆனால் சும்மா உட்காரத் தெரியாத கை அவளுடையது. கடைத்தெருவில், மருந்துக்கடைக்கு எதிரே, ஒரு தையல் கடையைப் பிடித்தாள். நகரத்து முதலாளி நல்ல மனிதர். மூன்று மாதம் அவளுடைய மெஷினுக்கு வேறு ஆள் போடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். கடை ஓடாவிட்டால் தங்கை வீட்டில் தங்கிப் பழைய வேலைக்கே போய்விடுவதாகவும், ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்துபோவதாகவும் மின்னல் கணவனிடம் சொல்லியிருந்தாள். "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு அவன் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமைப் புருஷன் பொண்டாட்டியாக மறுபடி ஆவதா என்பதுதான் அந்த மூன்று மாதத்தின் கேள்வி.

முதல் வாடிக்கை தபாலம்மா. ஊரெல்லாம் சைக்கிளில் கடிதம் கொடுப்பவர், ஐம்பது வயது, கம்பீரமான குரல். யூனிபார்ம் பேன்ட்டின் அடி பிரிந்துவிட்டதென்று கொண்டுவந்தார். மின்னல் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். தபாலம்மா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, முழங்காலைத் தடவிக்கொண்டு, பேசுவதற்குத் தொண்டையைச் செருமினார். அதற்குள் பேன்ட் தயார். இஸ்திரி போட்டு, மடித்து, உறையில் போட்டு நீட்டிவிட்டாள். தபாலம்மா பேன்ட்டைப் பார்த்தார், பாதித் தண்ணீர் இருந்த டம்ளரைப் பார்த்தார், முகம் சுருங்கிப்போய் எழுந்து போனார்.

அந்த மாதம் பத்தொன்பது பேர் வந்தார்கள். பத்தொன்பது பேரும் உறையோடு பத்து நிமிஷத்தில் வெளியே போனார்கள். ஒருவர்கூட மறுபடி வரவில்லை. இரண்டாவது மாதம் பிறந்ததும் மின்னல் கடையில் உட்கார்ந்து ஈ ஓட்டினாள். கத்திரிக்கோலைத் துடைத்தாள், நூல்கண்டுகளை நிறவாரியாக அடுக்கினாள், பிறகு கலைத்துவிட்டு மறுபடி அடுக்கினாள். தையலில் ஒரு பிசிறு உண்டா, அளவில் ஒரு நூல் பிசகு உண்டா, பிறகு ஏன் இந்த ஊருக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்று நினைக்க நினைக்க அவளுக்கு அழுகை முட்டியது.

கணவன் பால் நிலையத்தில் நைசாக விசாரித்துக்கொண்டு வந்தான். வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தான், அவள் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டான்.

"நல்ல தையல்காரின்னா கையில துணி குவிஞ்சு கிடக்கணுமாம். நீ உடனே தைச்சுக் குடுத்துடுறியே, அப்போ உன்கிட்ட யாரும் வர்றதில்லைன்னு அர்த்தமாம். யாரும் வராத கடைக்கு நாம மட்டும் ஏன் போகணுங்கிறாங்க."

மின்னல் இது என்ன நியாயம் என்று அவனிடம் சண்டை பிடித்தாள், பாவம், அவன் என்ன செய்வான். முன்பு இதே கடையில் இருந்த தையல்காரரின் கதையையும் அவன் கேட்டு வந்திருந்தான். அந்த மனிதர் ஒரு சட்டைக்கு நான்கு மாதம் எடுப்பாராம். அண்ணனுக்கு அளவெடுத்தால், சட்டை வரும்போது தம்பிக்குத்தான் சேருமாம். அவர் ஊரை விட்டு மகள் வீட்டோடு போனபோது பஸ் நிறுத்தம் வரை ஊரே போய்க் கண் கலங்கி வழியனுப்பியதாம்.

மறுநாள் தபாலம்மாவின் சைக்கிளை நடுத்தெருவில் மறித்துவிட்டாள் மின்னல். நான் என்ன தப்புச் செய்தேன் என்று நேரடியாகவே கேட்டாள். தபாலம்மா காலை ஊன்றி நின்று, இவளுக்கு இதைக்கூடவா சொல்லித்தர வேண்டும் என்பது போலப் பார்த்தார்.

"துணி குடுத்தா நாலு தடவ வந்து ஆச்சா ஆச்சான்னு கேக்கணும். வந்தா உக்காரணும். உக்காந்தா நாலு வார்த்தை பேசணும். நீ அன்னிக்கே கையில திணிச்சு அனுப்பிட்டா, அடுத்த வாரம் உன் கடைக்கு நான் என்ன காரணம் சொல்லிட்டு வர்றது?"

மின்னல் அன்று முழுவதும் யோசித்தாள். பொய் சொல்வது என்று கடைசியில் முடிவு செய்தாள். பதினொரு வருஷம் நிமிஷக் கணக்கில் நாணயமாக இருந்தவளுக்கு அது லேசான காரியமில்லை. கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தாள். கண் தானாகத் தாழ்ந்தது.

மாட்டியவர் மருந்துக்கடைக்காரர். சட்டைக் காலர் நைந்துவிட்டது, பிரித்துத் திருப்பித் தைக்க வேண்டும் என்று கொண்டுவந்தார். "வியாழக்கிழமை வாங்க" என்றாள் மின்னல், மெஷினில் நூல் சுற்றும் பாபினைப் பார்த்துக்கொண்டே. அவர் தெருவைக் கடந்து தன் கடைக்குள் நுழைவதற்குள் பாதிக் காலர் முடிந்துவிட்டது. மீதியையும் முடித்து, இஸ்திரி போட்டு, அலமாரியில் மாட்டி மறைத்தாள். வியாழக்கிழமை அவர் வந்தார். இன்னும் காலர் பாக்கி என்று அவள் சொன்னதும் அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். சட்டென்று உட்கார்ந்து, தன் கடைக்கு வருகிறவர்களில் யார் யார் மாத்திரையை வாங்கிக்கொண்டு போய்ச் சாப்பிடாமல் வைத்திருக்கிறார்கள் என்று ஒன்றரை மணி நேரம் சொன்னார். அடுத்த வியாழனும் வந்தார். மூன்றாவது வியாழன் வந்தபோது, மின்னல் நூல் எடுக்க அலமாரியைத் திறந்தாள். கதவு முழுக்கத் திறந்துகொண்டது. உள்ளே அவருடைய சட்டை, மடிப்புக் கலையாமல், காலர் நிமிர்ந்து தொங்கியது.

கையும் களவுமாகப் பிடிபட்டாயிற்று. மின்னலுக்குக் காது மடல் வரை சுட்டது. மருந்துக்கடைக்காரர் சட்டையைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தலையைத் தூக்கி மின்விசிறியைப் பார்த்தார். அதற்கு எண்ணெய் போட்டு எத்தனை நாளாயிற்று என்று விசாரித்தார்.

"அப்போ வியாழக்கிழமை வர்றேம்மா," என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அவ்வளவுதான், கடை சூடுபிடித்துவிட்டது. அவர் போய் ஊரில் என்ன சொன்னாரோ, அடுத்த வாரமே திரைச்சீலை, பள்ளிக்கூடப் பை, தலையணை உறை, கிழியவே கிழியாத சட்டை என்று வந்து குவிந்தது. கணவன் இரண்டு பெஞ்சு வாங்கிப் போட்டான். தபாலம்மா மதியத்துக்கு மேல் தவறாமல் ஆஜர். யார் வீட்டில் கன்று போட்டது, யார் யாரோடு பேசுவதில்லை, எல்லாம் மின்னலுக்கு அத்துப்படி ஆயிற்று. அவளும் சிரித்தாள், வயிறு வலிக்கச் சிரித்தாள். ஆனாலும் உள்ளே ஒரு முள் இருந்தது. தைக்கிற வேலை நாளைக்கு ஒன்றரை மணி நேரம், மீதி எல்லாம் நடிப்பு. முடித்ததை ஒளித்துவைத்துப் பிழைக்கிற பிழைப்பு ஒரு பிழைப்பா, என் கை வேகத்துக்கு நகரத்தில்தானே மரியாதை என்று தோன்றும். கணவன் எதுவும் கேட்கவில்லை. அவன் கேட்காமல் இருந்ததுதான் அவளை ரொம்பப் படுத்தியது.

மூன்றாவது மாதத்தின் கடைசி நாள் வந்தது. மாலையில் முதலாளி போன் செய்து முடிவு கேட்பதாகச் சொல்லியிருந்தார். அன்று டீச்சருக்கும் ஒரு துணி பாக்கி. ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஒரே டீச்சர், அளந்து பேசுகிறவர். அவரிடம் பொய் சொல்ல மின்னலுக்குத் தைரியம் வரவில்லை. நீல நிறத்தில் நீள அங்கி, சரியாக ஐந்து மணிக்குத் தருவதாக உண்மையாகவே சொல்லியிருந்தாள். இரண்டு மணி நேர வேலை, மதியத்துக்கு மேல் உட்கார்ந்தால் போதும்.

பன்னிரண்டு மணிக்குக் கணவன் கடை வாசலில் வந்து நின்றான். இயந்திரத்தைக் கழுவப் போட்டிருக்கிறார்களாம், சீக்கிரம் விட்டுவிட்டார்களாம். கையில் சாப்பாட்டு அடுக்கு. ஊருக்குப் பின்னால் ஒரு குளம் இருப்பதாகவும், இத்தனை நாளில் அதை அவளுக்குக் காட்டவே இல்லை என்றும் சொன்னான். ஒரு மணி நேரம்தானே என்று அவளும் கடையைச் சாத்திவிட்டுப் போனாள்.

மர நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு, அவன் ஐஸ் தொழிற்சாலைக் கதைகளைச் சொன்னான், இவள் இடுப்புத் துண்டோடு ரயிலைத் தவறவிட்ட ஒரு பெரிய அதிகாரியின் கதையைச் சொன்னாள். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். காற்று அடித்தது. அவன் தோளில் தலையைச் சாய்த்தது நினைவிருக்கிறது. கண் விழித்தபோது வெயில் மஞ்சளாகியிருந்தது, மணி ஐந்தே முக்கால். பகலில் தூங்கியது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. தோள் மரத்துப்போயும் அவன் அசையாமல் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

எழுப்பியிருக்கக் கூடாதா என்று அவனைத் திட்டிக்கொண்டே ஓடினாள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினாள். கடைப் படியில் டீச்சர், தபாலம்மா, மருந்துக்கடைக்காரர் மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மின்னலுக்கு மூச்சு வாங்கியது. வேலையை முடிக்காமல் வாழ்நாளில் யாரையும் அவள் காக்கவைத்ததில்லை.

"மன்னிச்சிடுங்க டீச்சர். நான் முடிக்கல. தூங்கிட்டேன். இன்னும் துணிய வெட்டக்கூட இல்ல."

டீச்சர் அவளை மேலும் கீழும் பார்த்தார். கலைந்த தலை, முழங்கால் வரை சேறு, தலைமுடியில் ஒரு சருகு.

"சரி, அப்போ எப்ப வரட்டும்?"

"தெரியல டீச்சர்," என்றாள் மின்னல். அது சத்தியமான உண்மை.

டீச்சர் திருப்தியாகத் தலையசைத்தார். தபாலம்மா எழுந்து வந்து அவள் முடியிலிருந்த சருகை எடுத்துப் போட்டார். கதவு சாத்தியிருந்ததைப் பார்த்து உடம்புக்கு என்னவோ என்று பயந்து போனதாகவும், அதனால்தான் போகாமல் உட்கார்ந்திருந்ததாகவும் சொன்னார். அந்தக் குரலில் கம்பீரம் கொஞ்சம் குறைந்திருந்தது.

அப்போதுதான் போன் அடித்தது. முதலாளி. பின்னால் ரயில் அறிவிப்புச் சத்தம். திங்கட்கிழமை வருகிறாளா இல்லையா, இப்போதே சொல்ல வேண்டும் என்றார். கணவன் காலி அடுக்கோடு அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தான். யார் போன் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. குனிந்து தன் செருப்பையே பார்த்தான்.

"நான் வரல முதலாளி. மெஷினுக்கு வேற ஆள் போட்டுக்குங்க."

"ஏன், அங்க அவ்வளவு கூட்டமா?"

"மூணு பேர்தான்." அவளுக்குக் குரல் உடைந்தது. "அங்க எல்லாரும் பேன்ட்டுக்காக நின்னாங்க முதலாளி. இங்க எனக்காக உக்காந்திருக்காங்க."

முதலாளிக்கு என்ன புரிந்ததோ, நல்லா இரும்மா என்று மனசார வாழ்த்திவிட்டு வைத்துவிட்டார். கணவன் அடுக்கைத் தரையில் வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே தானும் உட்கார்ந்துவிட்டான். அழுகிறானா சிரிக்கிறானா என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியவில்லை. ஊர் மரியாதை தெரிந்த மூன்று பேரும் வேறு பக்கம் பார்த்தார்கள்.

மின்னல் கடையைத் திறந்தாள். எல்லோரும் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். நீலத் துணியை மேசையில் விரித்து, அளவுக் கோடு போடச் சாக்கட்டியை எடுத்தாள். டீச்சர், பள்ளிக்கூடத்தில் அன்று காலை வகுப்புக்குள் புகுந்த ஒரு கன்றுக்குட்டியைப் பற்றி ஆரம்பித்தார். மின்னல் சாக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு, கன்னத்தில் கை ஊன்றி, அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்டாள்.