திருப்பிப் போட்ட சட்டை

இரண்டு சிவப்புத் துணிகளை ஒன்றாக வைத்து, தையல் வெளியே தெரியாமல் சாபிரா தைத்துக் கொடுத்த சட்டை. ஒரு பக்கம் நான்காம் எண், உள்ளே வெளியே திருப்பினால் ஒன்பது.

அவள் கணவர் ஹபீபுல்லா துறைமுகத்தில் வேலை பார்த்தார், ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபுட்பால். முதல் பாதியில் நான்காம் எண்ணோடு பின்னால் நின்று தடுப்பார். இடைவேளையில் கோட்டோரம் வந்து சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, ஒன்பதாம் எண்ணோடு கோல் அடிக்கப் போவார். விம்கோ நகர் மைதானத்தில் கூட்டம் அதற்காகவே காத்திருக்குமாம். சாபிரா ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அந்த நேரத்தில் வண்ணாரப்பேட்டை வீட்டில் தையல் மெஷின் முன்னால் இருப்பாள். திரும்பி வருகிறவர் சட்டையை வாளியில் போட்டுவிட்டுக் குளிப்பார், சாப்பிடுவார், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். அவளுக்கு அவருடைய முதுகுதான் நன்றாகத் தெரியும்.

போன நோன்புக்கு முன்னால் அவர் இறந்துபோனார். இன்று கிளப்பிலிருந்து செயலாளர் தௌசீஃபும், ஹபீபுல்லாவோடு சேர்ந்து ஆடிய திலீப்பும் வந்திருந்தார்கள்.

"சட்டைய கண்ணாடி ஃப்ரேம்ல போட்டு ராயபுரம் கிளப்புல மாட்டப் போறோம் சாச்சி," என்றான் தௌசீஃப்.

"எந்தப் பக்கம் தெரியும்?"

"ஒம்போதுதான். பின்பக்கத்த பலகைல ஒட்டிடுவோம்."

"நாலாம் நம்பர எவன் பாத்தான்?" என்று திலீப் சிரித்தார். "பாய் எத்தினி கோல தடுத்துகீறாரு! ஒருத்தன் கை தட்ல. அடிச்சாதான் விசிலு."

சாபிரா சட்டையை மடியில் வைத்துக்கொண்டாள். கொடுத்தால் நான்கு பலகையோடு ஒட்டிப்போகும். கொடுக்காவிட்டால், அவர் பேரைச் சொல்லிக்கொண்டு இனி யாரும் இந்த மாடிப்படி ஏறப்போவதில்லை.

"சட்டைய திருப்பறப்போ இன்னா பண்ணுவாரு?" என்று கேட்டாள்.

திலீப் யோசித்தார். "கழட்டினதும் தையல தடவுவாருக்கா. கழுத்துலேர்ந்து கீழ வரிக்கும், வெரலால. 'இன்னா பாய், சட்டைக்கு வைத்தியம் பாக்குறியா?'ன்னு கலாய்ப்போம். முழுசா தடவி முடிப்பாரு. அப்பறந்தான் மாட்டுவாரு."

ஆட்டத்தின் நடுவில் கிழிந்துவிடும் என்று பயந்தாரா? இல்லை, வேறு எதையாவது தொட்டுப் பார்த்தாரா? அவள் தையலைப் பற்றி அவர் நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு வார்த்தை சொன்னதில்லை. இனிக் கேட்கவும் முடியாது.

மெஷின் மேலிருந்த சின்னக் கத்தரிக்கோலை எடுத்தாள்.

"சாச்சி! இன்னா பண்ற நீ?" தௌசீஃப் பதறி எழுந்தான்.

"ஒம்போது உங்களுக்கு."

கழுத்தில் தொடங்கி, விரலால் தடவித் தடவி ஒவ்வொரு தையலாக வெட்டினாள். இரண்டு துணிகளும் பிரிந்தன. வெளிப்பக்கங்கள் உப்புக்காற்றிலும் வெயிலிலும் வெளுத்துக் கிடந்தன. இத்தனை வருஷமும் ஒன்றையொன்று பார்த்தபடி இருந்த உட்பக்கங்கள் மட்டும் கடையில் வாங்கிய அன்றைய சிவப்பிலேயே இருந்தன.

ஒன்பதை மடித்து எடுத்துக்கொண்டு அவர்கள் இறங்கிப் போனார்கள்.

அவள் நான்கைக் கட்டிலில், சுவரோரம், அவர் படுக்கும் இடத்தில் விரித்தாள். எண் கீழேயும் புதுச் சிவப்பு மேலேயுமாக. பக்கத்தில் உட்கார்ந்து அதன் ஓரத்தைத் தடவினாள். விரலில் நூல் முனைகள் குத்தின.