இழுத்து வந்த ஊர்

இரண்டு ஊர்களுக்கும் இடையில் இருந்த ஏழு கிலோமீட்டர் தூரம் பதினான்கு வருஷத்தில் முந்நூறு அடியாகக் குறைந்ததற்குக் கயிறு இழுக்கும் போட்டியைத் தவிர வேறு காரணம் இல்லை. அறுவடை முடிந்து ஆட்களுக்குக் கை சும்மா இருக்கும் மாதத்தில், இரண்டு ஊருக்கும் நடு மைதானத்தில் போட்டி நடக்கும். தோற்ற ஊர் வீடு, கிணறு, பள்ளிக்கூடம் சகிதம் ஜெயித்த ஊரை நோக்கி அரை கிலோமீட்டர் நகரும். மழை பெய்து மண் இளகியிருந்தால் முக்கால் கிலோமீட்டர்.

ஆதியில் அப்படி இல்லை. ஒரு வருஷம் தோற்றுவிடுவோமோ என்ற பயத்தில் இந்த ஊர்க்காரர்கள் கிணற்றுக் கயிறு, மாட்டுக் கயிறு, துணி உலர்த்தும் கொடி என்று கையில் கிடைத்ததையெல்லாம் முடிச்சுப் போட்டு, போட்டிக் கயிற்றின் வாலில் சேர்த்து, புதர் மறைவிலேயே மூன்றரை கிலோமீட்டர் இழுத்துக்கொண்டுபோய்த் தங்கள் தண்ணீர்த் தொட்டியின் காலில் கட்டிவிட்டார்கள். எதிரூர்க்காரர்களும் அதே வாரம் அதே காரியத்தைச் செய்திருந்தார்கள். விசில் ஊதிக் கால் மணி நேரம் கழித்து எதிரூர்த் தொட்டி மரங்களுக்கு மேலே தலைகாட்டி மெல்ல வந்துகொண்டிருந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. திருட்டு வேலை இரண்டு பக்கமும் இருந்ததால் யாரும் யாரையும் கேட்கவில்லை. மறு வருஷத்திலிருந்து தொட்டியில் கட்டுவதே விதியாகிவிட்டது.

ஊர் நகர்வதால் பெரிய தொந்தரவு ஒன்றும் இல்லை. முதல் தடவை எதிரூர்ச் சலூனில் சவரம் நடந்துகொண்டிருந்தது, கத்தி பிசகவில்லை. தபால்காரருக்குச் சைக்கிள் மிதிப்பது குறைந்ததில் ஏக சந்தோஷம். நடுவில் இருந்த வயல்கள் என்ன ஆயின என்று பார்க்க ஒரு சர்வேயர் வந்தார். எல்லா வயலும் அதே நீள அகலத்தில், ஊருக்கு மறுபக்கத்தில் கிடந்தன. அவர் இரண்டு தடவை அளந்துவிட்டு மருத்துவ விடுப்பில் போனார்.

இந்த ஊர் அணியில் கடைசி ஆள் மாவு மில்காரர். கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு குதிகாலை மண்ணில் ஊன்றினார் என்றால் அவரை அசைக்க லாரி வேண்டும். எதிரூரின் கடைசி ஆள் மூட்டை தூக்குபவர், மில்காரருக்குச் சொந்த மச்சான். ஏனென்றால் மில்காரர் பெண் எடுத்ததே எதிரூரில்தான். கல்யாணமாகி வந்த அன்று பெண் அழுத அழுகையைப் பார்க்கமாட்டாமல் அவர், "அழாத. உங்கம்மா வீட்டையே இழுத்துட்டு வந்து நம்ம வாசல்ல நிறுத்துறேன்" என்று சொல்லித் தொலைத்துவிட்டார். புது மாப்பிள்ளைகள் சொல்வதுதான். அடுத்த வருஷமே ஊர் நகர ஆரம்பிக்கும் என்று அவர் கண்டாரா? ஒவ்வொரு போட்டி முடிந்ததும் மனைவி கேட்பது ஒரே கேள்வி: "இன்னும் எவ்வளவு தூரம் இருக்கு?" யார் ஜெயித்தது என்று அவர் கேட்டதே இல்லை. "ஜெயிச்சா அவங்க வர்றாங்க, தோத்தா நாம போறோம். எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்பார்.

பதினான்காவது வருஷம் முந்நூறு அடிதான் பாக்கி. அதற்குள் மாமியாரின் முழங்கால் இரண்டும் போய்விட்டன. மகன் மூட்டைக்குப் போயிருந்த ஒரு காலையில் அவர் கிணற்றடியில் வழுக்கி விழுந்து ஒரு மணி நேரம் கூப்பிட்டிருக்கிறார். முந்நூறு அடிக்கு அந்தக் குரல் எட்டவில்லை. மகள் ஓடிப்போய், நம் வீட்டுக்கு வந்துவிடு என்று கெஞ்சினார். "மாப்பிள்ளை வீட்டுல போய் உக்காரவா? இந்த வீட்ட விட்டு நான் ஒரு அடி நகரமாட்டேன்" என்றார் அந்த அம்மாள். அந்த வீடு அவரோடு சேர்த்து நாலு கிலோமீட்டர் நகர்ந்திருந்ததை யாரும் ஞாபகப்படுத்தவில்லை.

அந்த வருஷப் போட்டிக்கு முன்னால் எதிரூர்ச் சலூன்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். "ரெண்டு ஊரும் ஒட்டிடுச்சுன்னா அப்புறம் யாரோடய்யா இழுக்கிறது?" வருஷம் முழுக்கப் பேசுவதற்கு அந்த ஒரு நாள்தான் இருந்தது. அதை நம்பித்தான் குடிப்பவன் ஒரு மாதம் குடிக்காமல் இருந்தான், பங்காளிச் சண்டைக்காரர்கள் ஒரே கயிற்றைப் பிடித்தார்கள். இரண்டு அணியும் டீக்கடையில் கூடி ரகசியமாக முடிவெடுத்தார்கள். அரை மணி நேரம் சும்மா பிடித்துக்கொண்டு நிற்பது, சமம் என்று கலைந்துவிடுவது, இனி எல்லா வருஷமும் அப்படியே. மில்காரரும் தலையாட்டினார். ஆட்டிய பிறகு இரண்டு நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

போட்டியன்று இருபது பேரும் முக்கினார்கள், முனகினார்கள், கயிறு ஒரு விரல்கடை நகரவில்லை. இருபத்தைந்து நிமிஷம் போயிற்று. விசில் வைத்திருந்த டிரில் மாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார். மில்காரரின் மனைவி அம்மா வீட்டுக் கொல்லையில் அம்மாவைத் தாங்கிப் பிடித்தபடி நின்றிருந்தார். அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"ஏங்க! காலைல சாப்பிட்டது பத்தலையா?"

சனம் சிரித்தது. மில்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மா முழுப் பாரத்தையும் மனைவியின் தோளில் சாய்த்திருப்பது அவருக்கு அங்கிருந்தே தெரிந்தது. ஊராவது போட்டியாவது என்று நினைத்தார். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒரு எட்டு பின்னால் வைத்தார்.

"நில்லுய்யா! பேசினது என்ன?" என்று சலூன்காரர் கத்தினார். எதிர்முனையில் மச்சான் ஒரு கணம் மில்காரரைப் பார்த்தார். பிறகு இரண்டு காலையும் தரையிலிருந்து தூக்கிவிட்டார்.

அதன் பிறகு நிறுத்த யாராலும் முடியவில்லை. எதிரூர் மொத்தமும் புழுதி கிளப்பிக்கொண்டு வந்தது. நடுவில் இருந்தவர்கள் கயிற்றை விட்டுவிட்டுச் சந்துகளில் பாய்ந்தார்கள். மில்காரர் மட்டும் பின்னால் நடந்து நடந்து, தன் வீட்டுச் சமையலறைச் சுவரில் முதுகு முட்டி நின்றார். மாமியார் வீட்டுச் சமையலறை அவர் வயிற்றில் உரசி நின்றது. இரண்டு சுவருக்கும் இடைவெளி சரியாக ஒரு மில்காரர் அகலம். புழுதி அடங்கியதும் மகள் தாங்கிப் பிடித்தபடி உள்ளே போன மாமியார் ஜன்னலைத் திறந்தார். மாப்பிள்ளையை மேலும் கீழும் பார்த்தார்.

"இவ்ளோ பெரிய உடம்ப வச்சுக்கிட்டு, பதினாலு வருஷமா மாப்பிள்ளை?" என்றார். கண்ணில் தண்ணீர் நின்றது. அதைத் துடைக்காமலே ஒரு சொம்பு மோரை ஜன்னல் வழியாக நீட்டினார்.

எட்டு மாதம் ஊரில் யாரும் மில்காரரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை, மாவு மட்டும் அரைத்துக்கொண்டார்கள். டீக்கடையில் இரண்டு அணியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, பீற்றிக்கொள்ள ஆளில்லாமல் கொட்டாவி விட்டன. ஒன்பதாவது மாதம், வடக்கே இருபத்திரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஒரு ஊரிலிருந்து சலூன்காரருக்குக் கடிதம் வந்தது. கயிறு இழுப்பதில் தங்களுக்குத் துளியும் பழக்கம் இல்லை என்றும், தோற்பதில் ஆட்சேபணை இல்லை என்றும், உங்கள் ஊருக்கு ஒன்பது பெண்களைக் கொடுத்திருப்பதால் சீக்கிரம் ஆரம்பித்தால் உதவியாக இருக்கும் என்றும் எழுதியிருந்தார்கள். கீழே ஒன்பது தாய்மார்கள் கைநாட்டு வைத்திருந்தார்கள்.

சலூன்காரர் அதை இரண்டு தடவை படித்தார். மில்காரரைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சவரம் செய்துவிட்டார். பிறகு ஒரு தாளில் எழுதிச் சலூன் கதவில் ஒட்டினார்: வடக்குப் பக்கம் யாரும் புது வீடு கட்ட வேண்டாம், அங்கே ஒரு ஊர் வருகிறது.