நைனா தூங்க ஒரு ஃபேன்

அம்புரோஸ் மாமா வந்தபோது நான் அமெரிக்காவில் யாருக்கோ பித்தப்பையை எடுத்துக்கொண்டிருந்தேன். அதாவது, எடுத்த டாக்டர் பேசியதை ஹெட்போனில் கேட்டு டைப் அடித்துக்கொண்டிருந்தேன். மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன். பி.எஸ்ஸி. ஃபிசிக்ஸ் முடித்த பெண்ணுக்கு விம்கோ நகரில், வீட்டிலேயே உட்கார்ந்து செய்யக் கிடைத்த வேலை. அம்மா பின்னாலிருந்து ஹெட்போனைப் பிடுங்கினாள்.

"இவுரு சொல்றத கேளு மொதல்ல."

மாமா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நைனா, இரண்டு இரும்புக் கொம்பால் பெட்டியைக் குத்தித் தூக்குகிற ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற அதே கன்டெய்னர் யார்டில் அவர் செக்கர். இரண்டு பேருக்கும் நைட் ஷிஃப்ட்.

"உங்க நைனா நேத்து என்னை குத்தியிருப்பாரும்மா. நான் பொட்டிய எண்ணிகினு நிக்கிறேன், வண்டி நேரா வருது. கத்துறேன், காதுலயே வுழுல. மனுசன் கண்ண தொறந்துகினே தூங்குறாரு. நான் துள்ளிட்டேன். பொட்டிக்கு துள்ளத் தெரியாது. நடுவுல ரெண்டு ஓட்டை."

நைனா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். தூங்கவில்லை. "அம்புரோஸு, அத்த வூடு வரைக்கும் வந்து சொல்லணுமா?"

"சொல்லாம? சூப்பர்வைசர் இன்னா சொன்னான், நீயே சொல்லேன்."

மாமாதான் சொன்னார். இன்னொரு தடவை ஏதாவது ஆனால் வண்டியிலிருந்து இறக்கிவிடுவார்களாம், மறுபடியும் மூட்டைக்குத்தானாம். நைனா ஹார்பரில் மூட்டை தூக்கித்தான் என்னைப் படிக்க வைத்தார். அவர் முதுகைப் பார்த்தால் தெரியும். அந்த வண்டியின் சீட்டுக்கு அவர் வந்து சேர்ந்தது நான் காலேஜ் முடித்த வருஷம். அவரை மறுபடியும் மூட்டைக்குக் கீழே அனுப்பினால் அந்த முதுகு தாங்காது.

"பகல்ல தூங்குனா நைட்டு ஏன் தூங்கப்போறாரு? இந்தச் சத்தத்துல பொணம்கூட எந்திரிச்சு உக்காரும்" என்று மாமா கம்ப்யூட்டரைக் காட்டினார்.

நான் அப்போதுதான் ஹெட்போன் இல்லாமல் அதை உட்கார்ந்து கேட்டேன். எங்கள் வீடு ஒரே அறை, மேலே ஆஸ்பெஸ்டாஸ். சமையல் ஒரு மூலை, என் மேசை ஒரு மூலை, நடுவில் நைனாவின் பாய். அவர் தலைமாட்டிலிருந்து கை நீட்டினால் சிபியூ. அதற்குள் பிராசஸர் மேல் ஒரு சின்ன ஃபேன், டீ கிளாஸ் வாய் அகலம்தான். சூடு ஏறினால் அது வேகமெடுக்கும். வேகமெடுத்தால் ஊளையிடும். இரண்டு நிமிஷத்தில் சூடு தணிந்து இறங்கும். நைனா கண்ணை மூடுவார். மறுபடி ஏறும்.

"டிரெயின் போவுது, லாரி போவுது, அதுல்லாம் தூங்கிருவேன்" என்றார் நைனா. "அது ஒரே மாரி வந்து போயிடும். இது இன்னான்னா, வுட்டு வுட்டு கூப்புட்ற மாரி கீது. நீ வேலைய பாரு மகி. நான் பஞ்சு வெச்சுக்கிறேன்."

பஞ்சு ஏற்கெனவே காதில் இருந்தது. அதையும் நான் அன்றுதான் பார்த்தேன்.

வேலையை ராத்திரிக்கு மாற்ற முடியாது. அமெரிக்காவில் இருட்டும்போது இங்கே விடியும், ஃபைல் வந்து குவியும், சாயங்காலத்துக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். விடவும் முடியாது. "வேலைய வுட்டன்னு வெச்சுக்கோ, சோறு போட மாட்டேன்" என்று அம்மா முன்பே சொல்லியிருந்தாள். என் அம்மா ரமாபாய் சொன்னால் சொன்னதுதான்.

அன்றைக்கே சிபியூ மேல் பழைய போர்வையைப் போர்த்தினேன். சத்தம் அடங்கியது. கொஞ்ச நேரத்தில் சூடு தாங்காமல் மெஷினும் அடங்கியது. பாதி அடித்த ஃபைல் போயிற்று. உள்ளே திறந்து பார்த்தால் ஃபேன் இறக்கையில் சாம்பல். எண்ணூர் அனல்மின் நிலையத்துப் பக்கமிருந்து காற்றில் வருகிற சாம்பலும் கடல் உப்பும் சேர்ந்து அப்பளமாவு மாதிரி அப்பியிருந்தது. பழைய டூத் பிரஷ்ஷால் சுத்தம் செய்தேன். ஊளை கொஞ்சம் சுத்தமான ஊளையாக ஆனது, அவ்வளவுதான்.

இன்டர்நெட்டில் தேடினேன். வெளிநாட்டுக்காரர்கள் இதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். தனி அறையில், கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தால் ஃபேன் சத்தம் லேசாகக் கேட்கிறதாம், மனசு ஒரு நிலையில் நிற்கவில்லையாம். எனக்கு எரிச்சலாக வந்தது. உங்களுக்குத் தனி அறை இருக்கிறது, கதவு இருக்கிறது, அதற்குள் மனசு வேறு நிற்க வேண்டுமா? ஆனால் எரிச்சலோடு படித்தாலும் விஷயம் விஷயம்தான். அதே அளவு காற்றை ஊத சின்ன ஃபேன் வெறி பிடித்துச் சுற்ற வேண்டும், பெரிய ஃபேன் சாவகாசமாகச் சுற்றினால் போதும். பெட்டிக்குப் பக்கவாட்டில் ஒரு பெரிய ஃபேனை மாட்டி, வெளிக்காற்றை நேராகப் பிராசஸர் மேல் அடிக்கவிட்டால், உள்ளே இருக்கிற சின்னது வேகமெடுக்கத் தேவையே வராது. இதைப் புரிந்துகொள்ள ஃபிசிக்ஸ்கூட வேண்டாம், அம்மாவின் முறம் போதும்.

கும்மிடிப்பூண்டி லைன் டிரெயினில் சென்ட்ரலில் இறங்கி, கம்ப்யூட்டர் சாமான் விற்கிற ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். முதல் இரண்டு கடையில் "சார் வரலியா?" என்று கேட்டார்கள். எந்த சார் என்று கேட்டேன். மூன்றாவது கடை, மாடிப்படிக்குக் கீழே ஒரு பொந்து. உள்ளே ராமசுப்பு என்று ஒருவர். தென்காசிப் பக்கம் போல, பேச்சு அப்படி.

"கேம் ஆடுத மெஷினா? தம்பிக்கா?"

"எனக்கு. கேம் இல்ல. காத்து நிறைய வரணும், சத்தம் வரக் கூடாது."

"அது ரெண்டும் ஒண்ணா வராதுல்லா. சரி, பாருங்க."

மூன்றை எடுத்து வைத்தார். ஒன்றில் நீலமும் சிவப்புமாக லைட் எரியும். "இதான் போகுது" என்றார். கல்யாண வீட்டு சீரியல் பல்ப் வேண்டாம் என்றேன். இன்னொன்று என் வீட்டில் இருக்கிற அதே சைஸ். மூன்றாவது சாப்பாட்டுத் தட்டின் உள்வட்டம் அளவுக்கு இருந்தது, கறுப்பு, எந்த அலங்காரமும் இல்லை. விரலால் சுண்டினால் நிற்காமல் சுற்றியது. உள்ளே குண்டு வைத்த பால் பேரிங், சாம்பல் தூசியிலும் சீக்கிரம் சிக்காது என்றார்.

"ஓட்டிக் காட்டுங்க."

"எல்லாம் நல்லா ஓடும்."

"ஓட்டிக் காட்டுங்க."

மேசைக்கடியிலிருந்து ஒரு சின்ன பேட்டரியை எடுத்து இரண்டு ஒயரையும் தொட வைத்தார். சுற்றியது. தெருவில் ஆயிரம் ஹாரன், அதில் எது கேட்கும்? நான் ஃபேனையும் பேட்டரியையும் வாங்கிக்கொண்டு படிக்குக் கீழே இருட்டு மூலைக்குப் போய், ஒரு காதைப் பொத்திக்கொண்டு மற்ற காதில் வைத்துக் கேட்டேன். மூச்சு விடுகிற மாதிரி ஒரு காற்று. அவ்வளவே. இரண்டு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டும். வாங்கிவிட்டேன்.

அவ்வளவு பெரிய ஃபேனுக்குப் பெட்டியில் ஓட்டை இல்லை. எங்கள் தெருமுனையில் ஏர்கூலருக்குத் தகரம் வெட்டுகிற ரஷீது பாயிடம் பக்கத் தகட்டை மட்டும் கழற்றி எடுத்துப் போனேன். "இன்னா பாப்பா, கம்ப்யூட்டருக்கு ஜன்னல் வெக்கிறியா?" என்று கேட்டுவிட்டு அழகாக வட்டமாக வெட்டித் தந்தார். ஞாயிற்றுக்கிழமை மாட்டினேன். நைனா பாயில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். சுவிட்சைப் போட்டேன்.

ஊளை போய்விட்டது. அதற்குப் பதில் ஓர் இரைச்சல், பெரிய குழாயைத் திறந்துவிட்டு மூட மறந்த மாதிரி. மேசை அதிர்ந்தது. மேசையிலிருந்த டம்ளரும் சேர்ந்துகொண்டது.

அம்மா என்னைப் பார்த்தாள். "இதுக்கா ரிச்சி ஸ்ட்ரீட்டு வரைக்கும் போன?"

"பரவால்ல ரமா, முன்னிக்கு இப்ப கம்மியாத்தான் கீது" என்றார் நைனா. என் நைனாவுக்குப் பொய் சொல்ல வராது, சொன்னால் காது மடலைத் தேய்ப்பார். தேய்த்தார்.

திங்கள் மதியம் ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். மேல்கூரையைப் பார்த்தபடி கிடந்தார். கண் இரண்டும் மிளகாய் மாதிரி. அதோடுதான் அன்றைக்கு ஷிஃப்ட்டுக்குப் போனார். மறுநாள் அவர் சைக்கிள் சத்தம் கேட்கிறவரை எனக்கும் அம்மாவுக்கும் உயிர் இல்லை. அவர் உள்ளே வந்ததும் நான் ஃபேனைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். டிரெயினில் போகும்போதே என்னென்ன சொல்ல வேண்டும் என்று அடுக்கி வைத்துக்கொண்டேன். பொம்பளை என்றால் எதையும் தலையில் கட்டலாம். வடசென்னை என்றால் திரும்பி வந்து கேட்கமாட்டாள். இப்படி நிறைய.

ராமசுப்பு கடையில் கூட்டம். நல்லது என்று நினைத்தேன்.

"இத எடுத்துகினு பணத்த குடுங்க."

"என்னாச்சு, ஓடலையா?"

"ஓடுது. ஊரே ஓடுது அந்தச் சத்தத்துல. எங்க நைனா நைட்டெல்லாம் வண்டி ஓட்றவரு. தூக்கமில்லாம யாரையாவது குத்துனா நீங்களா வந்து ஜெயிலுக்குப் போவீங்க? சத்தமே வராதுன்னு தலையில கட்னீங்கல்ல..."

"நான் எங்கம்மா சொன்னேன்? ரெண்டும் ஒண்ணா வராதுன்னுல்லா சொன்னேன். நீங்கதானே காதுல வச்சுக் கேட்டிய." அவர் சத்தம் உயரவில்லை. அதிலேயே எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. அதே பேட்டரியை எடுத்து, அதே ஃபேனில் தொட வைத்து, என் முகத்துக்கு நேராக நீட்டினார். சுற்றியது. சத்தமே இல்லை. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"கேக்குதா? இதுக்கு மேல என்ன செய்யச் சொல்லுதிய?"

"ஏமாத்தறதுக்கும் ஒரு அளவு..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டேன். அவர் கையிலிருந்த பேட்டரியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சதுரமான சின்ன பேட்டரி. ரேடியோவுக்குப் போடுவோமே, அது. அதன் முதுகில் எழுதியிருந்தது. ஒன்பது வோல்ட்.

வீட்டில் இந்த ஃபேனுக்குப் போவது பன்னிரண்டு.

அவர் ஏமாற்றவில்லை. ஃபேனும் ஏமாற்றவில்லை. மூன்று வருஷம் ஃபிசிக்ஸ் படித்தவள் இருட்டு மூலையில் காதில் வைத்துக் கேட்டாளே தவிர, எத்தனை வோல்ட்டில் கேட்கிறோம் என்று பார்க்கவில்லை. வாயில் மிச்சமிருந்த வசவு எங்கே போவது என்று தெரியாமல் நின்றது. ஆனால் அதைவிடப் பெரிதாக இன்னொன்று வந்தது: அப்படியென்றால் இது மெதுவாகச் சுற்றினால் சத்தம் இல்லை. வேகத்தைக் குறைத்தால் போதும். வேறு ஃபேனே வேண்டாம்.

"அண்ணே, ஒரு டெஸ்ட் பவர் சப்ளை இருக்கா?"

"இப்ப அண்ணனா?" என்றார் ராமசுப்பு. கம்ப்யூட்டருக்குள் இருக்கிற மாதிரியே ஒன்றை எடுத்துத் தந்தார்.

கம்ப்யூட்டருக்குள் வருகிற ஒயரில் மஞ்சள் பன்னிரண்டு வோல்ட், சிவப்பு ஐந்து, கறுப்பு பூஜ்யம். ஃபேனின் ஒரு முனையைக் கறுப்பில் கொடுப்பதற்குப் பதில் சிவப்பில் கொடுத்தால் நடுவில் மிஞ்சுவது ஏழு. கழித்தல் கணக்கு. அங்கேயே ஒயரை உரித்து மாற்றிச் செருகினேன். ஒரு நொடி யோசித்துவிட்டுச் சுற்ற ஆரம்பித்தது. ஒயர் எட்டுகிற வரை படிக்குக் கீழே தூக்கிப்போய்க் காதில் வைத்தேன். முன்பு கேட்ட அந்த மூச்சுச் சத்தம்கூடக் கேட்கவில்லை. உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன், காற்று மட்டும் நன்றாகவே வந்தது.

"பணம் வேணுமா, ஃபேன் வேணுமா?"

"ஃபேன். நான் கத்துனதுக்கு..."

"விடுங்க. கத்துனாத்தான இதெல்லாம் தெரியுது. எனக்கும் இனிமே யாராச்சும் கேட்டா சொல்லலாம்லா." ஒயரைச் சுற்ற இன்சுலேஷன் டேப்பும் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

இன்னும் ஒரு பயம் பாக்கி இருந்தது. சத்தம் இல்லாமல் சுற்றுகிறது, சரி. சூட்டை இழுக்குமா? இழுக்காவிட்டால் சின்ன ஃபேன் மறுபடி ஊளையிடும், இல்லை மெஷின் அணைந்துவிடும். வீட்டுக்கு வந்து அதே மாதிரி ஒயர் கொடுத்து மாட்டும்போது உச்சி வெயில், ஆஸ்பெஸ்டாஸ் தகித்துக்கொண்டிருந்தது. சோதனைக்கு இதைவிட மோசமான நேரம் கிடைக்காது. நைனா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். சுவிட்சைப் போட்டுவிட்டு ஹெட்போனை மாட்டாமல் உட்கார்ந்தேன்.

"மகி" என்றார் நைனா திரும்பாமல். "கரண்டு பூட்சா?"

"இல்ல நைனா. ஓடுது."

தலையைத் தூக்கி மானிட்டரைப் பார்த்தார். சிபியூவைப் பார்த்தார். கையை நீட்டி ஜன்னல் மாதிரி இருந்த ஓட்டைக்கு நேராக வைத்துப் பார்த்தார். "அட" என்றார். தலையைக் கீழே போட்டார்.

நான் ஃபைலைத் திறந்தேன். ஒரு டாக்டர் இதயத்தைப் பற்றி வேகவேகமாகப் பேசினார், அடித்தேன். நடுநடுவே ஒரு காதைத் திறந்து கேட்டேன். திரை ஓரத்தில் சூடு காட்டுகிற எண் ஏறியது, ஏறியது, ஓர் இடத்தில் நின்றது. மேலே போகவில்லை. சின்ன ஃபேன் வாயைத் திறக்கவே இல்லை. வெளியே கும்மிடிப்பூண்டி வண்டி போயிற்று. நைனாவின் காதிலிருந்த பஞ்சு ஒன்று தானாக வெளியே வந்து தலையணையில் கிடந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. என் தோள் இரண்டும் எத்தனை நாளாகவோ காதுக்குப் பக்கத்தில் தூக்கிக்கொண்டிருந்திருக்கின்றன. அவை இறங்கினபோதுதான் தெரிந்தது.

சாயங்காலம், வேலை பார்க்கிற கம்பெனியிலிருந்து அம்மா வந்தாள். வாசலிலேயே நின்று, என்னையும் நைனாவையும் மாறி மாறிப் பார்த்து, வாயில் விரலை வைத்தாள். அவள் வாயில் அவளே. அது எங்கள் வீட்டில் நடக்காத காரியம். சாப்பாட்டுப் பாத்திரத்தைச் சத்தமில்லாமல் கழுவ முடியாது என்பதால் கழுவாமலே வைத்தாள்.

ஷிஃப்ட்டுக்கு நேரமாயிற்று. அம்மா கூப்பிட்டாள், நைனா எழவில்லை. நான் தோளைத் தொட்டு அசைத்தேன். எழவில்லை. உலுக்கினேன்.

"இன்னாத்துக்கு எழுப்புற?" என்று கத்தினார், கண்ணைத் திறக்காமல். "மன்சன கொஞ்ச நேரம் தூங்க வுட மாட்டீங்களா, பேஜாரு புச்சவங்களா."

என் வாழ்க்கையில் அவர் என்னை அப்படித் திட்டியதில்லை. நானும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். அவருக்கு இன்னும் கோபம் வந்தது. திட்டிக்கொண்டேதான் முகம் கழுவினார், திட்டிக்கொண்டேதான் சட்டையை மாட்டினார், கழுவாத பாத்திரத்தைப் பார்த்து அதற்கும் திட்டிவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு யார்டுக்குப் போனார்.